காய்ச்சல் விட்ட மத்தியானம்

அப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்று நாங்கள் சந்தோஷப்பட்ட அந்த இரண்டு மணி நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் என்னால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. எழுந்து நடக்கிறேன். இதைக்கூட நடந்து நடந்துதான் எழுதுகிறேன். இரண்டு வரி, பிறகு ஜன்னல் வரை, மறுபடி இரண்டு வரி.

அறுபதுகளின் தொடக்கம், ஐப்பசி மாதம். கொடைக்கானலில் ஐப்பசி என்பது மேகம் கேட்காமல் கொள்ளாமல் வீட்டுக்குள் வந்து போகிற மாதம். துவைத்த வேட்டி நாலு நாள் ஈரமாகவே தொங்கும். தீக்குச்சி பற்றாது. உப்பு ஜாடிக்குள் தண்ணீராக நிற்கும். யார் கையை யார் தொட்டாலும் சில்லென்றுதான் இருக்கும். மலையில் பிறந்தவர்கள் அதை ஒரு சங்கதியாகவே நினைப்பதில்லை.

அப்பா ஒரு வெள்ளைக்காரர் பங்களாவில் தோட்டக்காரர். வயது அறுபத்தெட்டு. மழையில் ஊறிய மண்ணை வெட்டும்போது மண்வெட்டி வழுக்கி முழங்காலுக்குக் கீழே பட்டது. எங்கள் ஊரில் தலைவலிக்கு யூகலிப்டஸ் தைலம், சளிக்குத் தைலம், மூட்டுவலிக்குத் தைலம், மூட்டைப்பூச்சிக்கும் தைலம். வெட்டுக்காயத்துக்கும் அதையே ஊற்றினார். ஊற்றிவிட்டு, துரை விட்டுப்போன முழங்கால் உயர ரப்பர் பூட்ஸை மேலே மாட்டிக்கொண்டார். சாயங்காலம் வந்து கொல்லையில் காலைக் கழுவி, வேட்டியை இறக்கிவிட்டுக் கம்பளிக்குள் போய்விடுவார். ஆறு நாள் அந்தக் காலை யாரும் பார்க்கவில்லை.

ஏழாம் நாள் பூட்ஸ் கழலவில்லை. நான் இழுத்தேன். அவர் பல்லைக் கடித்தார். அம்மா அவருடைய கவாத்துக் கத்தியை எடுத்து, ரோஜாக் கிளை நறுக்குகிற அந்தக் கத்தியாலேயே, ரப்பரை மேலிருந்து கீழாகக் கிழித்தாள். உள்ளே வீங்கி மினுமினுத்து இருந்தது. தொட்டால் அடுப்புக்கல் மாதிரி சுட்டது. உடம்பும் அப்படியே கொதித்தது. எங்கள் ஊர் செண்பகனூரிலிருந்து ஒரு உருளைக்கிழங்கு லாரியில் மூட்டைகளின் மேல் படுக்கவைத்து மேலே டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

ஆறே கட்டில் உள்ள ஆண்கள் வார்டு. ஒரே டாக்டர். அங்கேதான் அந்த சிஸ்டரைப் பார்த்தேன்.

நாற்பது வயதிருக்கும். திண்டுக்கல் பக்கம். ஒல்லியான உடம்பு, முழங்கைக்கு மேல் மடித்துவிட்ட கம்பளிச் சட்டை. அவர் வார்டுக்குள் வந்ததும் யாரையும் தொடமாட்டார். மூலையில் ஊசி கொதிக்கிற பாத்திரத்தின் பக்கத்தில் ஒரு எனாமல் குவளை நிறைய வெந்நீர் வைத்திருப்பார். அதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். கை சூடான பிறகுதான் முதல் கட்டில். மறுபடி குவளை. பிறகு அடுத்த கட்டில். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று எண்ணப் பார்த்து, எனக்குப் பொறுமை இல்லாமல் விட்டுவிட்டேன். அவருக்கு இருந்தது.

அப்பா வாய் சும்மா இருக்காத மனிதர். முதல் நாளே, நூற்று மூன்று டிகிரியில் படுத்துக்கொண்டு, வம்புக்கு இழுத்தார்.

"என்ன சிஸ்டரம்மா, ஒவ்வொரு கட்டிலுக்கும் கையைக் காய்ச்சிக் காய்ச்சி எடுத்துட்டு வர்றீங்க. தோசைக்கல்லா அது?"

"சில்லுன்னு தொட்டா நீங்க துள்ளுவீங்கய்யா. துள்ளுனா நாடி ஓடும். அப்புறம் நான் எதைப் பாத்து எழுதுறது?"

அடுத்த கட்டிலில் பஜார் மளிகைக்கடை பாய். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் ஆகி எட்டு நாள் ஆனவர். சிரித்தால் தையல் வலிக்கும். அப்பா அதைக் கண்டுபிடித்துவிட்டார். அதற்காகவே பேசுவார், பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, வேணாம்ணே, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சுவார். அம்மா ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள். அவளை அப்பா கல்யாணமான நாளிலிருந்து தொரசாணி என்றுதான் கேலியாகக் கூப்பிடுவது. துரை வீட்டு அம்மாள் மாதிரி உட்கார்ந்த இடத்திலிருந்து உத்தரவு போடுகிறவளாம்.

சிஸ்டரிடம் இன்னொரு பழக்கம். மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பார். பார்த்து முடித்த பிறகும் விடமாட்டார், கண் மட்டும் மெல்ல நெஞ்சுக்குப் போகும். மூச்சை எண்ணுகிறார் என்று எனக்கு இரண்டாம் நாள்தான் புரிந்தது. மூச்சை எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் யாரும் ஒழுங்காக மூச்சு விடமாட்டார்கள். அதனால் நாடி பார்க்கிற பாவனை. கவிதை எழுதுகிறேன் என்று அப்போது நோட்டும் பேனாவுமாகத் திரிந்தவன் நான். பார்ப்பது தெரியாமல் பார்க்கிற அந்த வித்தை எனக்குக் கைவராது என்று அன்றைக்கே தெரிந்துபோயிற்று.

மூன்று நாள் பென்சிலின். வேளை தவறாமல் ஊசி. வீக்கம் கொஞ்சம் வடிந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. நான்காம் நாள் மத்தியானம் அம்மா நெற்றியைத் தொட்டாள். பிறகு கழுத்தை. பிறகு என்னைத் தொடச் சொன்னாள். சூடு இல்லை. கம்பளிக்குள் கிடந்த கையும் குளுமையாக, எங்கள் எல்லோருடைய கையையும் போல இருந்தது. பழனியாண்டவர் கண்ணைத் திறந்துவிட்டார் என்று அம்மா திருநீறு பூசிவிட்டாள். நான் ஓடிப்போய்க் கீழே இறங்குகிற பஸ்ஸின் கண்டக்டரைப் பிடித்து, அப்பாவுக்குக் காய்ச்சல் விட்டாச்சு என்று செண்பகனூர் டீக்கடையில் சொல்லிவிட்டுப் போகச் சொன்னேன். திரும்பி வரும்போது ஏரியைப் பார்த்தேன். மேகம் தண்ணீர்மேல் குனிந்து ஏதோ கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டு வரி எழுதினேன். அந்தக் காகிதத்தைப் பின்னால் கிழித்துப் போட்டுவிட்டேன்.

வார்டுக்குள் நுழைந்தால் சிரிப்பு. அப்பா, அம்மாவைப் பார்த்து, "பனி வுழுகுது தொரசாணி. நாத்துக்கு மேல வெரசா சாக்கைப் போடச் சொல்லுங்க" என்கிறார். ஐப்பசியில் ஏது பனி? உறைபனி விழ இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அதுதான் வேடிக்கை. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அண்ணனுக்குத் தேறிருச்சு," என்றார் பாய், தையலைப் பிடித்துக்கொண்டு. "பழைய வாய் வந்துருச்சுல்ல."

நானும் சிரித்தேன்.

இரண்டு மணிக்கு சிஸ்டர் டியூட்டிக்கு வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் வருவதற்குள் நாங்கள் மூன்று பேருமாகக் காய்ச்சல் விட்ட கதையைச் சொல்லிவிட்டோம். நல்லதுங்க என்று சொல்லிவிட்டுக் குவளையிடம் போனார். கையைச் சூடாக்கிக்கொண்டு வந்தார். நெற்றியைத் தொடவில்லை. கம்பளியைக் கால்மாட்டில் தூக்கி, வெட்டுப்படாத காலின் பாதத்தைத் தொட்டார். கணுக்காலை. கெண்டைக்காலை. முழங்காலை. தொடையின் பாதியில் கை நின்றது.

போய் மறுபடி கையைச் சூடாக்கிக்கொண்டு வந்தார். ஒரே கட்டிலுக்கு இரண்டாவது தடவை அவர் அப்படிச் செய்து நாங்கள் பார்த்ததில்லை. மறுபடி பாதத்திலிருந்து தொடங்கி, அதே இடத்தில் நிறுத்தினார். பிறகு என் கையை எடுத்து, விரலிலிருந்து முழங்கை வரை தடவிப் பார்த்தார். அம்மாவின் கையையும்.

"ஒங்க கையும் சில்லுன்னுதான் இருக்கு. ஆனா முழங்கைக்கு வந்தா சூடு இருக்கு. இவருக்குத் தொடை வரைக்கும் இல்ல."

அப்பாவின் கட்டைவிரல் நகத்தை அழுத்திவிட்டு விரலை எடுத்தார். வெளுத்த நகம் வெளுத்தே இருந்தது. அவர் உதடு ஓசையில்லாமல் எண்ணியது. நாலு எண்ணிய பிறகுதான் கொஞ்சம் ரத்தம் வந்து எட்டிப் பார்த்தது. தெர்மாமீட்டர் தொண்ணூற்றாறு காட்டியது. நாங்கள் கொண்டாடிக்கொண்டிருந்த தொண்ணூற்றாறு.

குனிந்து கேட்டார். "ஐயா, இவங்க யாரு?"

"தொரசாணி."

பாய் சிரிக்கத் தொடங்கினார். சிஸ்டர் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"ஒங்க வீட்டம்மா எங்கய்யா இருக்காங்க?"

"அவ செண்பகனூர்லல்ல கெடக்கா. சோலி இருக்கும். வரமாட்டா." அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கண்ணில் கேலி இல்லை. மரியாதை இருந்தது, அந்நிய வீட்டுப் பெண்பிள்ளையிடம் காட்டுகிற மரியாதை.

அம்மா ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டாள். அவள் முகத்தை என்னால் எழுத முடியாது. பலதடவை முயன்றிருக்கிறேன்.

ஒன்றுக்குப் போனாரா என்று சிஸ்டர் கேட்டார். அம்மா, என்னத்தைச் சொல்வது என்று தெரியாமல், இன்றைக்குத் தொந்தரவே கொடுக்கவில்லை, வெள்ளனே போனதுதான், பாட்டிலே கேட்கவில்லை என்றாள். அதையும் ஒரு நல்ல செய்தியாகத்தான் காலையிலிருந்து வைத்திருந்தாள்.

"காய்ச்சல் விடலைம்மா," என்றார் சிஸ்டர். குரல் ஏறவில்லை. "கிருமி ரத்தத்துல ஏறிருச்சு. சூட்டைக் காட்டக்கூட ஒடம்புக்குத் தெம்பு இல்ல. டாக்டர் வந்து காலைத் தொறக்கணும், அதுவரைக்கும் நம்ம இவரைப் பிடிச்சு வைக்கணும்."

டாக்டர் வட்டக்கானலில் ஒரு பிரசவத்துக்குப் போயிருந்தார். சிஸ்டர் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி என்னிடம் கொடுத்தார். "தம்பி, வழியில யாருக்கும் வெவரம் சொல்லிக்கிட்டு நிக்காதீங்க. அவர்கிட்ட வாயால ஒண்ணும் சொல்லவும் வேண்டாம். இதைக் குடுங்க, போதும்."

ஓடினேன். வாழ்க்கையில் எத்தனையோ முறை காரணமில்லாமல் ஓடியிருக்கிறேன், ஊர் விட்டு ஊர், வேலை விட்டு வேலை. காரணத்தோடு ஓடியது அந்த ஒரு முறைதான். காட்டுக்குள் இறங்குகிற பாதை, பத்தடிக்கு மேல் தெரியாத மேகம், வேரில் தடுக்கி ஒரு தடவை உருண்டேன், கையில் காகிதம் மட்டும் நனையாமல் இருந்தது. மூச்சு வாங்க நின்றபோது பிரித்துப் பார்த்தேன். மன்றாட்டு எதுவும் இல்லை. அவசரம் என்ற வார்த்தைகூட இல்லை. நாடி, மூச்சு, ரத்த அழுத்தம், சூடு என்று நாலு எண். அதற்குக் கீழே, விடிந்ததிலிருந்து சிறுநீர் இல்லை, மனைவியைத் தெரியவில்லை. அவ்வளவுதான். அப்படி ஒரு வரி நான் எழுதியதில்லை.

குழந்தை பிறந்து கால் மணி ஆகியிருந்தது. டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே காகிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தார்.

"சிஸ்டர் எழுதினதா?"

"ஆமாங்க."

"ஏறுங்க ஜீப்புல."

வார்டில் நான் கண்டது இன்றும் கண்ணில் நிற்கிறது. அப்பாவின் கட்டிலின் கால்மாடு இரண்டு மரக்கட்டைகளின் மேல் உயர்ந்திருந்தது. அம்மா ஸ்டூல்மேல் ஏறி நின்று, வலது கையால் ஒரு கண்ணாடி சலைன் பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள். அந்த ஆஸ்பத்திரியில் பாட்டில் மாட்டுகிற ஸ்டாண்ட் ஒன்றுதான், அது பெண்கள் வார்டில் வேறொருவருக்கு ஓடிக்கொண்டிருந்தது. பாய் வயிற்றில் துண்டை இறுகக் கட்டிக்கொண்டு ஒரு வாளியின் பக்கத்தில் குந்தியிருந்தார். வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர், அதற்குள் அடுத்த பாட்டில். அந்த மலைக் குளிரில் அலமாரியில் இருக்கிற சலைன் ஐஸ் மாதிரி இருக்கும். ஏற்கெனவே சில்லிட்டுக் கிடக்கிற உடம்புக்குள் அதை அப்படியே விடக்கூடாது என்று சிஸ்டர் ஒவ்வொரு பாட்டிலையும் இதமாக்கித்தான் ஏற்றினார். தண்ணீர் ஆறாமல் பார்த்துக்கொள்வது பாயின் பொறுப்பு. அடுத்த வேளை ஊசி தயாராக இருந்தது. காலைத் திறக்கிற கத்தி கொதித்துக்கொண்டிருந்தது.

டாக்டர் சொல்லாமல் நர்ஸ் சலைன் ஏற்றக்கூடாது என்பது அங்கே விதி. சிஸ்டரே முதலில் சொன்னார்.

"உத்தரவு இல்லாம ஆரம்பிச்சுட்டேன் டாக்டர். ரெண்டரைக்கு."

டாக்டர் அப்பாவின் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் சொல்லிட்டுப் போனதா எழுதிக்குங்க."

"வேணாங்க. நான் ஆரம்பிச்சதாவே எழுதிர்றேன். பின்னாடி பாக்குறவங்களுக்கு வெவரம் சரியா இருக்கணும்ல."

டாக்டர் அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு கை கழுவப் போனார்.

காலைத் திறந்தார்கள். மேலே காயம் ஆறுகிற பாவனை செய்துகொண்டு, உள்ளே சதைக்கடியில் சீழ் பை கட்டியிருந்தது. நான் வெளியே அனுப்பப்பட்டேன், வராந்தாவில் முப்பது தப்படி இந்தப் பக்கம், முப்பது தப்படி அந்தப் பக்கம். திரும்ப உள்ளே விட்டபோது டாக்டர் இன்னொரு மருந்தையும் சேர்த்திருந்தார். சிறுநீர் வர ரப்பர் குழாய் வைத்திருந்தது. குழாயின் முனையில் ஒரு பாட்டில். பாட்டிலில் அடி நனைகிற அளவுக்குக் கறுத்த நீர். அதோடு நின்றுவிட்டது. கிட்னி வேலை செய்தால் பிழைத்தார், அதை அடுத்த சில மணி நேரம் சொல்லும் என்று டாக்டர் என்னிடம் மட்டும் சொன்னார்.

நாலு மணியிலிருந்து சிஸ்டர் செய்ததை வரிசையாகச் சொன்னால் ஒன்றுமே இல்லை என்று தோன்றும். கால் மணிக்கு ஒருமுறை நாடி. மூச்சு. கழுத்து நரம்பு. பாதத்திலிருந்து மேலே போகிற கை. ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைப்பது. முதுகில் கை கொடுத்துப் புரட்டி, நனைந்த துணியை எடுத்துவிட்டுக் காய்ந்த துணி விரிப்பது. இடையில் மற்ற ஐந்து கட்டில், அவர்களுக்கும் குவளையில் சூடாக்கிய கை. எனக்கு அதிசயமாக இருந்தது வேறொன்று. அப்பா கண்ணைத் திறக்கவில்லை, பதிலே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் தொட்டார். "ஐயா, காலைத் தொடுறேன்." "ஐயா, இந்தப் பக்கம் திருப்புறேன், கொஞ்சம் வலிக்கும்." கேட்கிற ஆள் இருக்கிறார் என்பதில் அவருக்கு ஒரு நிமிஷமும் சந்தேகம் வந்த மாதிரி தெரியவில்லை. எனக்கு வந்திருந்தது. வெட்கத்தோடு எழுதுகிறேன், எனக்கு நாலரை மணிக்கே வந்துவிட்டது.

ஸ்டாண்ட் வரும்வரை அம்மா கையை இறக்கவில்லை. நான் வாங்கிக்கொள்கிறேன் என்றால் கொடுக்கவில்லை.

"நீ ஆடுவலே," என்றாள். "ஒன்னால ஒரு எடத்துல நிக்க முடியாது."

உண்மை.

ஐந்து மணிக்கு சிஸ்டரின் கை முழங்காலில் நின்றது. குளிர் தொடையிலிருந்து முழங்காலுக்கு இறங்கியிருந்தது. அவர் எங்களுக்கு அதைச் சொல்லவில்லை, எழுதிக்கொண்டார். நான் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஐந்தரைக்குக் கெண்டைக்கால். நகத்தை அழுத்தினால் மூன்று எண்ணுவதற்குள் நிறம் வந்தது. ஆனால் பாட்டிலில் அதே கறுத்த நீர், அதே அளவு. பாய் வாளிப் பக்கத்திலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பகல் முழுக்கச் சிரித்ததற்குத் தண்டனை போல அவர் முகம் இருந்தது. உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஓதினார் என்று நினைக்கிறேன்.

ஆறு மணி இருக்கும். வெளியே மேகம் கலைந்து, மழை நாளில் அபூர்வமாக வருகிற அந்தக் கடைசி வெளிச்சம் ஜன்னல் வழியாக வந்து தரையில் விழுந்தது. குழாய்க்குள் ஏதோ நகர்ந்தது. ஒரு சொட்டு. இன்னொன்று. பிறகு சொட்டுகள் ஒன்றையொன்று துரத்தத் தொடங்கின. கறுப்பு பழுப்பாகி, பழுப்பு மஞ்சளாகி, கண்ணாடியில் மெல்ல ஏறியது. எத்தனையோ மஞ்சளைப் பற்றி எழுதியிருக்கிறேன். அந்த மஞ்சளுக்கு ஈடாக ஒன்றையும் நான் கண்டதில்லை. இதைப் படித்துச் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

சிஸ்டர் குனிந்து, பாட்டிலை வெளிச்சத்துக்குத் தூக்கி, கோட்டைப் பார்த்து, எழுதினார். எழுதிவிட்டு, இரண்டு மணிக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாக, ஸ்டூலில் உட்கார்ந்தார். அம்மா எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல் பக்கத்தில் போய் நின்றாள். பிளாஸ்கில் இருந்த காப்பியை இடது கையால் ஊற்றிக் கொடுத்தாள். அவர் வாங்கிக் குடித்தார். பாதியில் நிமிர்ந்து, "இது பத்தாதுங்கம்மா. மணிக்கு மணி வரணும்" என்றார். மீதியைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்துபோனார், குவளை இருந்த மூலைக்கு.

வந்தது, மணிக்கு மணி. அதற்குப் பிறகு அப்பா பதினோரு வருஷம் இருந்தார், ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்துகொண்டு, தோட்டத்தை விடாமல். அந்த சிஸ்டர் மறு வருஷமே வேறு ஊர் போய்விட்டார். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்த போதெல்லாம் அடைமொழிகளாக வந்து குவிந்தன. எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். அந்த ஆளுக்கு அடைமொழி பொருந்தவில்லை.

அன்றைக்கு ஏழு மணிக்கு அப்பா கண்ணைத் திறந்தார். சுற்றிலும் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் பாட்டிலைத் தூக்கி நின்ற அவள் வலது கை தூக்கவே வராமல் மடியில் தனியாகக் கிடந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கைக்கு என்னடி ஆச்சு?" என்றார்.

அம்மா ஒன்றுமில்லை என்றாள். ஒன்றுமில்லை என்றே நாலைந்து தடவை சொன்னாள்.

மறுநாள் காலை கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையை எடுத்துப் படித்தேன். நாடி, மூச்சு, சூடு, கால் மணிக்கு ஒரு வரிசை எண். அவற்றுக்கு நடுவே, அதே சிறிய கையெழுத்தில், இங்கிலீஷில் ஒரு வரி. ஏழு மணி: மனைவியின் கைக்கு என்ன என்று கேட்டார்.